வெண்ணெய் இல்லாத கால்கேனன்

லாவெல் பிறந்த நாட்டின் உருளைக்கிழங்கு மசியல், கோலார் தங்கவயலின் காய்கறிகளில்

கோலார் தங்கவயலின் நவீன வரலாறு ஓர் அயர்லாந்துக்காரரிடம் தொடங்குகிறது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல், 1875-ல் இங்கே சுரங்கம் தோண்டும் உரிமையை மைசூர் அரசிடம் பெற்றார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் குழிக்குள் இறங்கினார்கள். துரைமார் பங்களாக்களைப் பார்த்து ஊருக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

லாவெல் பிறந்த நாட்டின் பெயர்பெற்ற பதார்த்தம் கால்கேனன். மசித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் அல்லது கேல் கீரை, வெங்காயத்தாள், பால். நடுவே ஒரு குழி, அதில் உருகும் வெண்ணெய். அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில் இதற்குள் மோதிரமும் காசும் ஒளித்துப் பரிமாறுவார்கள். மோதிரம் கிடைத்தால் கல்யாணம், காசு கிடைத்தால் செல்வம் என்பது நம்பிக்கை. மறுநாளான நவம்பர் 1, 1994 முதல் உலக வீகன் தினம். நம் சைவத்தில் பாலுக்கும் நெய்க்கும் இடம் உண்டு. வீகன் உணவில் அவையும் தேனும்கூடக் கூடாது.

வெண்ணெய் இல்லாமல் கால்கேனனா என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. அயர்லாந்தின் ஏழைக் குடியானவனுக்கு வாய்த்தது பெரும்பாலும் கிழங்கும் உப்பும், கிடைத்தால் மோரும்தான். வெண்ணெய் விற்பனைக்குப் போனது. அந்தப் பணம் நிலவாடகைக்குப் போனது. 1845-ல் கருகல் நோய் தாக்கிக் கிழங்கு அழுகியது. 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவு மக்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். அந்த ஆண்டுகளிலும் துறைமுகங்களிலிருந்து வெண்ணெய் கப்பலேறியது. லாவெல் உரிமை பெற்ற மறு ஆண்டே சென்னை ராஜதானியையும் மைசூரையும் 1876-78 பஞ்சம் பிடித்தது. அப்போதும் இங்கிருந்து தானியம் ஏற்றுமதியானது. பட்டினி எப்படி இருக்கும் என்பது இரண்டு மண்ணுக்கும் தெரியும்.

கிழங்குக்கும் இங்கே பஞ்சமில்லை. கோலார் மாவட்டம் உருளைக்கிழங்கு விளையும் பூமி. கேல் கீரையைத் தேடி அலையவும் வேண்டாம். நூக்கல், முட்டைக்கோஸ், கேல் மூன்றும் தாவர இயலில் ஒரே இனம். சந்தையில் நறுக்கி எறியும் நூக்கல் இலையே கேலுக்குப் பொருத்தமான மாற்று.

செய்முறை எளிது. அரை கிலோ கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுமுன் உரித்து மசிக்க வேண்டும். மிக்சி கூடாது, மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசைபோல் ஆகிவிடும். இளம் நூக்கல் இலையையோ கோஸையோ பொடியாக அரிந்து, உப்புப் போட்ட கொதிநீரில் நான்கு நிமிடம் வேகவிட்டு, நன்றாகப் பிழிந்தெடுக்க வேண்டும். ஒரு கைப்பிடி வெங்காயத்தாளை முக்கால் டம்ளர் கெட்டித் தேங்காய்ப் பாலில் இளந்தீயில் வதக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். எல்லாவற்றையும் கிழங்கோடு கலந்து உப்பும், தேங்காயின் இனிப்பை அடக்கத் தாராளமாக மிளகுத்தூளும் சேர்க்க வேண்டும்.

மிச்சமிருப்பது வெண்ணெய்க் குழி. இரண்டு மேசைக்கரண்டி செக்குக் கடலை எண்ணெயில் நான்கு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, பொன்னிறமானதும் அந்தக் குழியில் ஊற்றினால் போதும். வெண்ணெயின் ருசி வராது. அதன் வழவழப்பும் மணமும் வேறு வழியில் வந்து சேரும்.

ஒரு குறை உண்டு. பாலை எடுத்தால் அதன் புரதமும் போய்விடும். தேங்காய்ப் பால் அதை ஈடுசெய்யாது. பனிக்காலத்தில் கோலார் சந்தைகளில் குவியும் அவரையைப் பிதுக்கிக் குழம்பு வைத்துத் தொட்டுக்கொண்டால் அந்தக் கணக்கும் சரியாகும். விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறிப் பிழைக்கும் தங்கவயல் குடும்பங்களுக்கு இது கட்டுப்படியாகும் சமையல்தான்: தேங்காயைத் தவிர விலை கூடிய சரக்கு எதுவும் இல்லை.

காசு ஒளிக்க நினைப்பவர்கள் அதைக் கழுவித் தாளில் சுற்றி வைக்கவும். குழந்தைகள் தட்டில் மட்டும் வேண்டாம்.