நாடிழந்தும் நலம் புரிந்த வேந்தர்

வரலாற்றேடுகளில் நாடு பிடித்தோர் பெயர்களே மிகுதியாகப் பேசப்படுகின்றன. நாடிழந்த பின்னரும் மக்களுக்கு உழைத்த ஒருவரைக் காவிரிப் படுகையில் வாழும் நாம் அறிதல் கடமையாகும். அவர், தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1777-1832).

துளஜா மன்னர் 1787ஆம் ஆண்டு சரபோஜியைச் சுவீகாரம் கொண்டார், அவ்வாண்டே மறைந்தார். சுவீகாரம் செல்லாதெனக் கூறி அமர்சிங் அரியணை ஏறினார். உரிமையிழந்த சிறுவருக்கு அரணாய் நின்றவர் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஆவார். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய இவர், தமிழும் மராட்டியும் பாரசீகமும் கற்றவர். 1779இல் மைசூர் ஹைதர் அலியிடம் கும்பினியார் தூதனுப்ப வேண்டியபோது தேர்ந்தெடுக்கப்பட்டவரும் இவரே. ஹைதரின் நம்பிக்கையைப் பெற்ற அப்பெரியாரே சரபோஜியின் கல்விக்கும் பொறுப்பேற்றார். 1793இல் சரபோஜி பாதுகாப்புக் கருதிச் சென்னைக்கு அனுப்பப்பெற்றார். அங்கு கெரிக்கே எனும் மற்றொரு ஜெர்மானியர் ஆசிரியராய் வாய்த்தார்.

1798ஆம் ஆண்டு சரபோஜி முடிசூடினார். ஆயின், 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆட்சி முழுவதும் கும்பினியார் கைக்குச் சென்றது. கோட்டையும் மன்னர் எனும் பெயரும் ஆண்டுத்தொகையும் வருவாயில் ஐந்திலொரு பங்குமே எஞ்சின. அக்காலத்தே ஜெர்மனியின் சிற்றரசர் பலருக்கும் இந்நிலை நேர்ந்தது. 1806இல் நெப்போலியன் வகுத்த அமைப்பில் அவர்கள் ஆட்சியை இழந்து பட்டத்தையும் சொத்தையும் மட்டும் காத்துக்கொண்டனர்.

வாளுக்கு வேலையற்ற அரண்மனையில் சரபோஜி நூல்களுக்கு இடமளித்தார். நாயக்கர் காலந்தொட்டு வளர்ந்த சரஸ்வதி மகாலில் ஓலைச் சுவடிகளைத் தொகுத்ததோடு, ஐரோப்பிய மொழி நூல்களையும் ஆயிரக்கணக்கில் வருவித்தார். 1805இல் அச்சகம் நிறுவினார். தன்வந்திரி மகாலில் கண்டறிந்த மருத்துவ முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் எனத் தமிழ்ச் செய்யுளாயின. கண்நோயாளரின் நிலையைப் படங்களுடன் பதிந்து வைத்த குறிப்புகள் இன்றும் உள்ளன. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கர்க்கு உணவும் மாணாக்கர்க்குக் கல்வியும் தந்தது.

குறையும் கூறுதல் முறையே. உழவர் நெல் விளைத்து ஈட்டித் தந்த வருவாயின் பெரும்பகுதி அயலார் கருவூலம் சென்றதை அவரால் தடுக்க இயலவில்லை. நெப்போலியனை வென்ற ஆங்கிலேயர்க்குச் சேதுபாவாசத்திரம் அருகே மனோரா எழுப்பியதும் அவரே. எனினும், இயன்ற எல்லைக்குள் அவர் இயற்றியவை காலத்தை வென்றன.

சுவார்ட்ஸ் கிறித்தவராகவே வாழ்ந்தார். சரபோஜி தம் சமயத்திலேயே நிலைத்தார். ஆயினும், ஆசிரியர் மறைந்தபின் தஞ்சைத் தேவாலயத்தில் பளிங்கு நினைவுச் சிற்பம் அமையச் செய்தவர் அம்மன்னரே. அவர்தம் பாட்டனார் பிரதாப சிங், நாகூர் தர்காவில் 131 அடி உயர மினாரா எழுப்பியதையும் ஈண்டு நினைத்தல் தகும். பிறர் சமயத்தை மதிப்போர் தம் சமயத்தை இழப்பதில்லை என்பதற்கு இவையே சான்றுகளாம்.

1918ஆம் ஆண்டு முதல் சரஸ்வதி மகால் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. ஆயினும், மோடி எழுத்தைப் படிக்க வல்லார் மிகச் சிலரே. எழுத்தறிவார் அருகினால் ஆவணம் இருந்தும் இல்லாததாகிவிடும். நம் மாணவருள் ஒருவரேனும் அவ்வெழுத்தைக் கற்க முன்வருவாராயின், அதுவே அவ்வேந்தருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.