எரிமலை விரட்டியும் திரும்பி வந்தவர்கள்

உலக வரைபடத்தை ஒருமுறை விரித்து வையுங்கள். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் டவுன் நகரிலிருந்து மேற்கு நோக்கி விரலை நகர்த்திச் செல்லுங்கள். தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே ஒரு சிறு புள்ளி தென்படும். சில வரைபடங்களில் அதுவும் இராது. அதுவே டிரிஸ்டன் டா குன்ஹா. மக்கள் நிலையாக வாழும் இடங்களுள், பிற மனிதரிடமிருந்து இத்துணைத் தொலைவில் அமைந்தது வேறில்லை. அண்டை வீடு எனத்தக்க செயின்ட் ஹெலினா தீவு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. விமானநிலையம் கிடையாது. கேப் டவுனில் கப்பலேறினால் ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழிக்க வேண்டும். சென்று சேர்ந்த பின்னரும் அலை அடங்கினால்தான் கரையிறங்க இயலும்.

கடலடியிலிருந்து எழும்பிய எரிமலையின் தலைப்பகுதியே இத்தீவு. குறுக்களவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். சிகரத்தின் உயரமோ 2,062 மீட்டர். குளிர்காலத்தில் சிகரத்தில் பனி படிந்திருக்கும். கீழேயோ கடுங்குளிரும் கடும்வெப்பமும் இல்லாத மிதமான தட்பவெப்பம். மழைக்கும் காற்றுக்கும் மட்டும் குறைவில்லை. கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைச் சுவர்கள் தீவைச் சூழ்ந்துள்ளன. வடமேற்கில் அச்சுவரின் அடிவாரத்தில் ஒரு குறுகிய சமவெளி இருக்கிறது. தீவின் ஒரே ஊர் அங்குதான். 250-க்கும் குறைவானவர்களே வாழ்கின்றனர்.

1506-இல் போர்ச்சுகீசிய மாலுமி ஒருவர் இதனைக் கண்டு தம் பெயரைச் சூட்டினார். 1816-இல் ஆங்கிலேயர் இங்கே ஒரு படைப்பிரிவை நிறுத்தினர். செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனை மீட்க எவரும் இத்தீவைப் பயன்படுத்திவிடக் கூடாதே என்ற அச்சம்தான் காரணம்! மறு ஆண்டே படை விலக்கப்பட்டபோது, வில்லியம் கிளாஸ் என்ற வீரர் தம் மனைவி மக்களுடன் இங்கேயே தங்கிவிட்டார். அவரும் தோழர்களும் எழுதிக்கொண்ட உடன்படிக்கையின்படி, எவரும் பிறரைவிட மேலானவர் அல்லர். வரவும் செலவும் அனைவருக்கும் சமம்.

பின்னர் வந்து சேர்ந்த ஆடவருள் ஐவருக்குத் துணைவியர் இல்லை. அவர்களது வேண்டுகோளை ஏற்று, கப்பல் தலைவர் ஒருவர் 1827-இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து பெண்களை அழைத்து வந்தார். முன்பின் அறியாத மணமகனை நம்பி, அறியாத தீவுக்குக் கடல் கடந்த அப்பெண்களின் துணிவை எண்ணிப் பாருங்கள். வரலாற்று நூல்கள் ஆண்களைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன; ஆயினும் தீவு ஊராக மாறியது அப்பெண்களால்தான் என்பது நம் கருத்து.

உருளைக்கிழங்கே இவர்களின் சோறு. 1946-இல் தீவுக்கென அஞ்சல்தலை ஒன்றை முன்மொழிந்தபோது, ஒரு பென்னிக்கு நான்கு உருளைக்கிழங்கு என்று அதில் விலை குறித்தார்கள்!

1961 அக்டோபரில், ஊருக்கு மிக அருகிலேயே நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வெளிப்பட்டது. 260-க்கும் மேற்பட்ட மக்கள் படகுகளில் தப்பி, கேப் டவுன் வழியாக இங்கிலாந்து சேர்ந்தனர். அங்கே மின்விளக்கும் கடைவீதியும் வேலையும் ஊதியமும் கிடைத்தன. ஆனால், தீவில் கண்டிராத நோய்கள் அக்குளிர்காலத்தில் அவர்களை வாட்டின. வாகன இரைச்சலும், பூட்டிய கதவுகளும், அண்டை வீட்டாரை அறியாத வாழ்வும் அவர்களுக்குப் பொருந்தவில்லை. ஊர் பெரும்பாலும் சிதையாமல் நிற்கிறது என்ற செய்தி எட்டியது. 1962 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. திரும்புவதற்கு ஆதரவாக 148 வாக்குகள். எதிராக வெறும் 5!

1963-இல் அவர்கள் திரும்பினார்கள். பிழைப்பாக இருந்த சிங்கி இறால் தொழிற்சாலையைக் குழம்பு விழுங்கியிருந்தது. படகு இறக்கும் கரையும் மறைந்திருந்தது. அனைத்தையும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. பின்னர் கட்டிய சிறு துறைமுகத்திற்கு, இங்கிலாந்தில் தாங்கள் தங்கியிருந்த கால்ஷாட் என்னும் இடத்தின் பெயரையே இட்டனர். சில ஆண்டுகளில் ஒரு சிலர் மனம் மாறி மீண்டும் இங்கிலாந்து சென்றதும் உண்டு. அவர்களிலும் பலர் திரும்பி வந்துவிட்டனர்.

அருகே 'அணுகவியலாத் தீவு' என்றே பெயர் பெற்ற ஒரு தீவு உண்டு. உலகின் பறக்கவியலாப் பறவைகளுள் மிகச் சிறியது அங்கு மட்டுமே வாழ்கிறது. எலிகள் அத்தீவை எட்டாததால்தான் அது பிழைத்திருக்கிறது. எனவேதான், 2011 மார்ச்சில் சோயா மொச்சை ஏற்றிய ஒலிவா என்ற சரக்குக் கப்பல் பக்கத்து நைட்டிங்கேல் தீவில் மோதியபோது, எண்ணெயோடு எலியும் கரையேறிவிடுமோ என்று தீவினர் அஞ்சினர். எலி வரவில்லை, எண்ணெய் வந்தது. எண்ணெயில் தோய்ந்த ஆயிரக்கணக்கான பென்குயின்களைப் படகுகளில் ஏற்றி வந்து கழுவினர். ஊரின் நீச்சல் குளத்தையே அவற்றுக்கு விட்டுக்கொடுத்தனர். பல பறவைகள் மாண்டன. சில பிழைத்துக் கடலுக்குத் திரும்பின.

2020-இல் தங்களைச் சூழ்ந்த ஏறத்தாழ 6,87,000 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தனர். பிரான்ஸ் நாட்டைவிடப் பெரிய பரப்பு அது! அதில் 90 விழுக்காட்டிற்கு மேல் எவரும் மீன்பிடிக்கக் கூடாது. எஞ்சிய பகுதியில்தான் அவர்களின் சிங்கி இறால் பிடிப்பு. கடல் அடங்கிய விடியற்காலைகளில் ஊர் நடுவே தொங்கும் இரும்பு உருளையைத் தட்டுவார்கள். அவ்வோசை கேட்டதும் ஆடவர் படகுகளை நோக்கி விரைகின்றனர்.