எஃப்.எஸ்.ஹெச். நார்மல்னா மெனோபாஸ் இல்லையா?

போன வாரம் ஒரு கேள்வி வந்துச்சு. "எங்க அம்மாவுக்கு 46 வயசு. ராத்திரில வேர்த்துக் கொட்டுது, தூக்கமே இல்லை, பீரியட்ஸ் தாறுமாறா வருது. எஃப்.எஸ்.ஹெச். டெஸ்ட் எடுத்தோம், நார்மல். அப்போ இது மெனோபாஸ் தொடக்கம் இல்லையா?"

இருக்கலாம். அந்த ஒரு நம்பரை வெச்சு இல்லைன்னு சொல்லிட முடியாது.

மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுதான் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை அனுப்பி, சினைப்பைகிட்ட கருமுட்டையை வளர்க்கச் சொல்லுது. முட்டை வளரும்போது சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன், இன்ஹிபின் ரெண்டும் வரும். அதைப் பார்த்து பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச்.சைக் குறைச்சுக்கும். நம்ம பாஷையில ஃபீட்பேக் லூப். வயசு ஏற ஏற முட்டைகள் குறையுது, பதில் சரியா வர்றதில்லை. பிட்யூட்டரி இன்னும் சத்தமா கூப்பிடுது, எஃப்.எஸ்.ஹெச். ஏறுது.

இது சீரா ஏறினா டெஸ்ட் ஈஸி. ஆனா மெனோபாஸுக்கு முந்தின சில வருஷங்கள், அதாவது பெரிமெனோபாஸ், அப்படி இருக்காது. ஒரு மாசம் எகிறும். அடுத்த மாசம் ஒரு முட்டை வளர்ந்துட்டா பழைய அளவுக்கே இறங்கிடும். ஈஸ்ட்ரோஜனும் சும்மா குறைஞ்சுக்கிட்டே போறதில்லை, சில மாசம் வழக்கத்தை விட மேல போகும். விழுந்து எழுந்துட்டு இருக்கிற சர்வரை ஒரே ஒரு தடவை பிங் பண்ணிட்டு "ஓகே"ன்னு எழுதி வெச்சா எப்படி?

அதனாலதான் பிரிட்டனோட நைஸ் வழிகாட்டுதல், 45 தாண்டினவங்களுக்கு இந்த டெஸ்ட்டை வெச்சு முடிவு பண்ண வேண்டாம்னு சொல்லுது. வயசு, பீரியட்ஸ் மாறின விதம், அறிகுறிகள், இதுவே போதும். மெனோபாஸ் தேதியைத் திரும்பிப் பார்த்துதான் சொல்ல முடியும். வேற காரணம் இல்லாம 12 மாசம் தொடர்ந்து பீரியட்ஸ் வரலைன்னா, கடைசியா வந்ததுதான் அந்தத் தேதி. அதுவரைக்கும் கர்ப்பம் ஆகவும் வாய்ப்பு இருக்கு. (இதை யாரும் வீட்ல சொல்றதில்லை.)

40 வயசுக்கு முன்னாடியே பீரியட்ஸ் நிக்குதுன்னா கதை வேற. அங்க எஃப்.எஸ்.ஹெச். டெஸ்ட் அவசியம், ஏன்னா சீக்கிரமே ஈஸ்ட்ரோஜன் போறது எலும்பையும் இதயத்தையும் பாதிக்கும்.

கேள்வி கேட்டவருக்கு: "ரிப்போர்ட் நார்மல்தானே"ன்னு அம்மாவைச் சும்மா விட்டுடாதீங்க. பீரியட்ஸ் தேதி, வேர்வை, தூக்கம் எல்லாத்தையும் போன்ல குறிச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. இதுக்கு சிகிச்சை இருக்கு. தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்க, அதுலயும் இதே மாதிரி அறிகுறிகள் வரும். ரத்தப்போக்கு ரொம்ப அதிகமா இருந்தாலோ, 12 மாசம் நின்ன பிறகு மறுபடி வந்தாலோ, தள்ளிப் போடாம உடனே காட்டிடுங்க.