மூழ்குவது லேசு... மேலே வருவதுதான் கஷ்டம்! சங்கு குளிக்கும் தொழிலில் இத்தனை ஆபத்தா?

தூத்துக்குடி என்றாலே உப்பும் முத்தும்தான் ஞாபகத்துக்கு வரும். முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்று போனது. ஆனால் மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பது நிற்கவில்லை. இங்கே எடுக்கும் சங்கு மேற்கு வங்காளத்துக்குப் போய், கல்யாணமான பெண்கள் போடும் வளையலாக மாறுகிறது.

தாத்தா காலத்தில் கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் கால் வைத்து இறங்குவார்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் தம் கட்டி, கையில் கிடைத்ததோடு மேலே வந்துவிடுவார்கள். இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது. அதன் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் கடலடியில் சங்கு தேடலாம். வருமானம் கூடியது. ஆபத்தும் கூடியது.

தம் கட்டக்கூடாது

10 மீட்டர், அதாவது சுமார் ஐந்தரை பாகம் இறங்கினால் உடம்பு மீது அழுத்தம் இரண்டு மடங்காகும். அங்கே குழாய் வழியாக நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை விடாமல் வந்தால் நுரையீரலே கிழிந்துவிடும். தாத்தாவைக் காப்பாற்றிய அதே தம்தான் பேரனுக்கு எமன்!

சோடா பாட்டில் கதை

ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்தால் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல ரத்தத்தில் குமிழிகள் கிளம்பும். மூட்டுவலி, கால் மரத்துப்போவது, கடைசியில் பக்கவாதம் வரை போகும். சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, 5 மீட்டரில் 3 நிமிடமாவது நிற்க வேண்டும் என்கிறார்கள். அதிக ஆழம், அதிக நேரம் என்றால் இன்னும் கூடுதலாக நிற்க வேண்டும். ஆனால் நாளைக்கு நாலைந்து முறை மூழ்குபவர், பசியோடும் குளிரோடும் அப்படி நிற்பாரா?

இன்னொரு வில்லன் என்ஜின் புகை. கம்ப்ரசர் காற்று இழுக்கும் இடத்தில் புகை கலந்தால், கார்பன் மோனாக்சைடு நேராக மூச்சில் போகும். வாசனையே தெரியாது.

முறைப்படி டைவர் ஆக நினைப்பவருக்கு காது, சைனஸ், நுரையீரல், இதயம் எல்லாம் பரிசோதிப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் பெரும்பாலும் சிக்கல்தான். நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது.

வலி வந்ததும் மாத்திரை போட்டுப் படுப்பதும், "மறுபடி முழுகினா சரியாகிடும்" என்று இறங்குவதும் ஆபத்து. உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.