மழையிலும் திறந்திருக்கும் சன்னல்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். இவ்விக்கட்டுக்குப் பொருத்தமானது ‘ஆனிங்’ சன்னல். கீல் மேற்பக்கம் இருக்க, கதவின் அடிப்பகுதி வெளிப்புறமாகத் திறக்கும். சாய்ந்து நிற்கும் கண்ணாடியே கூரைச் சரிவுபோல் மழைநீரை வழியச் செய்யும். பலத்த காற்றோடு மழை அடிக்கையில் மட்டும் மூடியாக வேண்டும்.

என் குடியிருப்பில் இதைப் பொருத்த முனைந்தபோது ஒன்றை மறந்துவிட்டேன். சன்னலுக்கு வெளியே நான்கு அங்குலத்தில் இரும்புக் கிராதி! “கதவை எங்கே திறப்பீர்கள்?” என்று அளவெடுக்க வந்தவர் கேட்ட பின்னரே எனக்கு உறைத்தது. கிராதியைக் கழற்றி உட்புறம் மாற்ற நேர்ந்தது. கடன் விண்ணப்பங்களில் பிறருடைய மதிப்பீடுகளைத் துருவிப் பார்க்கும் நான், என் மதிப்பீட்டில் அச்செலவைச் சேர்க்கவில்லை. கொசுவலையும் உட்புறமே அமையும். கைப்பிடியை எட்ட அது திறந்து மூடத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

கடலோர நகரங்களில் சட்டத்தைப் போலவே கீலையும் கவனியுங்கள். உப்புக்காற்றை 304 ரகத் துருப்பிடிக்கா எஃகைக் காட்டிலும் 316 ரகம் நன்கு தாங்கும். விலை சற்றுக் கூடுதல். குளியலறைக்கும் சமையலறைக்கும் இச்சன்னல் மிகவும் ஏற்றது. படுக்கையறையில் இதுமட்டுமே இருப்பின், தீ விபத்தின்போது வெளியேறுவது கடினம்.

கடன் பெற்று மாற்றுவோர், கீல், கிராதி, வலை, பழையதை அகற்றும் கூலி, ஜி.எஸ்.டி. ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த மதிப்பீட்டைப் பெற்ற பிறகே முன்பணம் கொடுங்கள். வெளித்தோற்றம் மாறுவதால் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலையும் முன்னதாகவே எழுத்தில் பெறுங்கள்.