ஐந்து சாப்பாடு குறைந்தால்

பிரான்சின் கிராமத்து உணவகங்கள் பகல் 12 மணிக்குச் சாப்பாடு போடத் தொடங்கும். ஒன்றரை மணிக்குப் பிறகு போனால் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிட்டோம் என்பார்கள். ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் பெரும்பாலும் அடைப்பு. காரில் ஊர் சுற்ற வந்தவர்கள் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வதுண்டு. உண்மையில் அது ஆள் கணக்கு. சமைக்க ஒருவர், பரிமாற ஒருவர். பல கடைகளில் அவர்கள் கணவனும் மனைவியும். காலையில் காபிக்குக் கதவைத் திறந்தவர்களும் அவர்களே, மாலையில் பாஸ்தீஸ் என்ற மதுவை ஊற்றிக் கொடுப்பவர்களும் அவர்களே. இடையில் உள்ள ஒன்றரை மணி நேரத்தில்தான் அந்தக் கடையின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு வருகிறது.

அந்த நேரத்தில் வருபவர்கள் கொத்தனார்கள், எலக்ட்ரீஷியன்கள், லாரி ஓட்டுநர்கள், வீடு வீடாகச் செல்லும் செவிலியர்கள், கால்நடை மருத்துவர்கள். சாப்பாட்டில் தேர்வு அதிகம் இருக்காது. முதலில் ஒரு சாலட் அல்லது பாத்தே (அரைத்த இறைச்சியை அச்சில் இட்டு வேகவைத்தது), பிறகு அன்றைய கறி, பாலாடைக்கட்டி, கடைசியில் இனிப்பு. சுற்றுலாப் பயணிகள் கோடையில் வருவார்கள். நவம்பரில் அந்தக் கதவு திறந்திருப்பது தொழிலாளர்களால்.

ஒரு கடையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாப்பாடு 15 யூரோ. ஒரு நாளுக்கு 25 பேர். வாரத்துக்கு 5 நாள், ஆண்டுக்கு 47 வாரம், ஆக 235 நாள். மதுவைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு வரி விகிதம் வேறு.

15 யூரோவில் 10 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உள்ளடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் 13 யூரோ 64 சென்ட். ஆண்டு வரவு சுமார் 80,100 யூரோ. பொருள் செலவு வரவில் 30 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது இத்தொழிலின் பொது விதி. அதற்கு 24,000 போகிறது. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தில் ஒரே ஒரு ஆளை வைத்தால், 2024 நவம்பர் விகிதப்படி மாதம் 1,801 யூரோ 80 சென்ட். ஆண்டுக்கு 21,600. முதலாளி செலுத்த வேண்டிய சமூகக் காப்பீட்டுத் தொகை தனி. மிச்சம் 34,500 யூரோவுக்குக் கீழே. வாடகை, மின்சாரம், எரிவாயு, காப்பீடு, வங்கித் தவணை, குளிர் அறை பழுது எல்லாம் இதிலிருந்து. அதன் பிறகு எஞ்சுவது கடைக்காரர் குடும்பத்துக்கு.

இப்போது 25 பேரை 20 ஆக்கிப் பார்க்கலாம். வரவு 64,100 யூரோவாகிறது. பொருள் செலவும் சேர்ந்து குறையும். சம்பளம் குறையாது. மிச்சம் 23,200 யூரோ. வந்து சாப்பிடுபவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கையில் நின்ற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வாடகையும் மின்கட்டணமும் அப்படியே இருக்கின்றன.

ஐந்து பேர் என்பது ஒரு கட்டுமான வேலையின் ஆள்கணக்கு. வேலை முடிந்தால் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

முன்பு இந்தக் கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. 1955இல் பிரான்சில் சுமார் 23 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2020 வேளாண் கணக்கெடுப்பில் 3.9 லட்சம். லிமூசின் பகுதியிலுள்ள க்ரூஸ் மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 2.8 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இன்று ஏறத்தாழ 1.15 லட்சம். பாரிஸ் நகரத்தைக் கட்டிய கொத்தனார்கள் இந்த மாவட்டத்திலிருந்து பருவந்தோறும் நடந்தே போனவர்கள். பிறகு அங்கேயே தங்கிவிட்டார்கள். பிரான்சில் சுமார் 35,000 கம்யூன்கள் உள்ளன. கம்யூன் என்பது தனி மேயர் உள்ள மிகச் சிறிய நிர்வாக அலகு. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை.

ஆட்கள் குறைந்தபோது சாலைகளும் விலகின. பாரிஸிலிருந்து தெற்கே போகும் ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊர்களுக்குள் புகுந்து போனது. அதில் போன குடும்பங்கள் மதியம் எங்காவது ஓர் ஊரில் இறங்கிச் சாப்பிட்டாக வேண்டும். 1970இல் பாரிஸ் மார்செய் விரைவுச்சாலை முழுமையடைந்தது. 2004 டிசம்பரில் மீயோ மேம்பாலம் திறக்கப்பட்டதும் மத்திய மலைப்பகுதியைக் கடக்கும் வண்டிகளும் ஊர்களைத் தொடாமல் போகத் தொடங்கின.

குடிப்பழக்கமும் மாறியது. 1960களில் ஒரு பிரெஞ்சுக்காரர் சராசரியாக ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இப்போது சுமார் 40 லிட்டர். 1995இல் ஓட்டுநரின் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட ஆல்கஹால் அளவு லிட்டருக்கு 0.5 கிராமாகக் குறைக்கப்பட்டது. 2008 ஜனவரி 1 முதல் கஃபேக்களுக்குள் புகைக்கத் தடை. இரண்டும் உயிர்களைக் காப்பாற்றிய சட்டங்கள். சாப்பாட்டில் கிடைக்காத இலாபத்தைக் கடைக்காரர் மதுவிலும் சிகரெட்டிலும் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. 1960களில் நாடு முழுவதும் சுமார் 2 லட்சம் கஃபேக்கள் இருந்தன. 2010களின் நடுவில் 40,000க்கும் குறைவு.

அரசு உதவாமல் இல்லை. 2009 ஜூலை 1 அன்று உணவக வரி 19.6 விழுக்காட்டிலிருந்து 5.5 ஆகக் குறைக்கப்பட்டது. 2012இல் 7 ஆனது. 2014இல் 10 ஆனது. மேலே சொன்ன கடைக்கு, அதே 15 யூரோ விலையில், 5.5க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு சுமார் 3,400 யூரோ.

பிறகு 2020இல் கொரோனா. மார்ச் 14 மாலை பிரதமர் அறிவித்தார். அன்று நள்ளிரவு நாட்டின் எல்லா உணவகங்களும் மூடின. ஜூன் 2இல் பல பகுதிகளில் திறந்தன. அக்டோபர் 30இல் மறுபடி மூடின. 2021 மே 19இல் வெளித் திண்ணைகளும் ஜூன் 9இல் உள்ளறைகளும் திறந்தன. இடைக்காலத்தில் பிழைத்திருக்க அரசு உத்தரவாதத்தில் வங்கிக் கடன் தரப்பட்டது. பொதுவான தவணைக் காலம் அதிகபட்சம் ஆறு ஆண்டு. அதாவது கடை மூடியிருந்த மாதங்களின் செலவை, திறந்திருக்கும் மாதங்களின் சாப்பாடுகள் பல ஆண்டு அடைக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில் ஆட்கள் வெளியேறினார்கள். 2020 பிப்ரவரிக்கும் 2021 பிப்ரவரிக்கும் இடையில் விடுதி, உணவகத் துறைக்கு வந்தவர்களைவிட விட்டுப் போனவர்கள் 2,37,000 பேர் அதிகம். ஊரடங்கில்தான் பலர் முதன்முறையாக மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்தார்கள்.

2022இல் மின்சார விலை உயர்ந்தது. பிரான்சில் சிறு நிறுவனங்களுக்கு அரசு கட்டுப்படுத்திய கட்டணம் உண்டு. 2022இல் அதன் உயர்வு 4 விழுக்காட்டிலும், 2023 பிப்ரவரியில் 15 விழுக்காட்டிலும் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு வரம்பு இருந்தது: இணைப்பின் திறன் 36 கிலோவோல்ட்-ஆம்பியரைத் தாண்டக் கூடாது. ஒரே சமயத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதன் அளவு இது. மின் அடுப்பு, ஓவன், குளிர் அறை, பாத்திரம் கழுவும் இயந்திரம் சேர்ந்தால் ஒரு சமையலறை அந்த வரம்பை எளிதில் தாண்டும். தாண்டியவர்கள் சந்தை விலையில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அந்த வரம்பு 2025 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. நெருக்கடி அதற்குள் கடந்துபோயிருந்தது.

சாப்பிட வருபவர்களின் கையிலிருந்த சீட்டும் திசை மாறியது. பிரான்சில் தொழிலாளர்களுக்கு முதலாளி பங்கு போட்டுத் தரும் உணவுச் சீட்டு 1967 முதல் உள்ளது. மதியச் சாப்பாட்டுக்கு என்றே ஏற்பட்டது. 2022 ஆகஸ்டில், விலைவாசி உயர்வைச் சமாளிக்க, பாஸ்தா, அரிசி, பச்சை இறைச்சி என்று எந்த உணவுப் பொருளையும் அந்தச் சீட்டால் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். தற்காலிகம் என்றார்கள். அந்த ஏற்பாடு பிறகு 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது.

கணக்கு இறுகும்போது கடைக்காரரால் குறைக்க முடிந்த பெரிய செலவு ஒன்றுதான்: சமைக்கும் நேரம். காற்று நீக்கிய பையில் வெந்த ஆட்டுக்கால் வருகிறது. வெந்நீரில் வைத்து எடுத்தால் போதும். உறைந்த இனிப்பு பெட்டியில் வருகிறது. மொத்த வியாபாரியின் லாரி வாரம் ஒருமுறை ஊருக்குள் நுழைந்தால் சமையல்காரர் தேவையில்லை. இதைத் தடுக்க 2014 ஜூலையில் ஓர் அரசாணை வந்தது. மூலப் பொருளிலிருந்து கடையிலேயே சமைத்த பண்டத்துக்கு, கூரை போட்ட சட்டி ஒன்றின் சின்னத்தை இடலாம். ஆனால் மூலப் பொருள் உறைந்ததாக இருக்கலாம். உரித்து நறுக்கி வந்த காய்கறியாக இருக்கலாம். உருளைக்கிழங்குக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. சின்னத்தின் பொருள் எல்லாக் கடையிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். சூடாக்கி மட்டும் தரும் பண்டத்தை, சூடாக்கியது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதன் விளைவு மெதுவாக வரும். க்ரூஸில் உருளைக்கிழங்கை மாவுக்குள் அடைத்துச் சுட்டு, நடுவில் கிரீம் ஊற்றித் தருவார்கள். லிமூசினில் கிளாஃபுத்தி என்ற செர்ரிப் பணியாரத்தைக் கொட்டையோடு செய்வார்கள். கொட்டையின் மணம் மாவில் இறங்க வேண்டும் என்பது காரணம். பையில் வரும் சாப்பாட்டில் இவை இல்லை. ஊர்க்கடையின் ஆட்டுக்காலும் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள சூப்பர் மார்க்கெட்டின் ஆட்டுக்காலும் ஒரே ஆலையில் செய்ததென்றால், விலை குறைந்த இடத்துக்குத்தான் மக்கள் போவார்கள்.

கடை மூடியது என்று வைத்துக்கொள்வோம். அது சாப்பாட்டுக் கடை மட்டுமாக இருப்பதில்லை. பல ஊர்களில் ரொட்டி வந்து இறங்குவதும், பார்சல் காத்திருப்பதும், எரிவாயு உருளையும் செய்தித்தாளும் கிடைப்பதும் அங்கேதான். 1980இல் கிராமக் கம்யூன்களில் 25 விழுக்காட்டில் கடையே இல்லை. 2021இல் 62 விழுக்காட்டில் இல்லை.

அடுத்தது சட்டம். சாப்பாட்டோடு மட்டும் மது தருவதற்கான உரிமம் எளிதில் கிடைக்கும். சாப்பிடாமல் மாலையில் ஒரு கிளாஸ் பாஸ்தீஸ் குடிக்க வருபவருக்கு ஊற்றித் தர நான்காம் வகை உரிமம் வேண்டும். இந்த வகைப்பாடு 1941 சட்டத்திலிருந்து வருவது. புதிதாக இந்த உரிமம் வழங்குவது பொதுவாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. இருப்பதை விற்கலாம், வாங்கலாம், வேறு ஊருக்கு மாற்றலாம். நகரத்து மதுக்கடைகள் பல ஆண்டுகளாகக் கிராமத்து உரிமங்களை வாங்கிக்கொண்டு போயின. 2019 டிசம்பர் 27ஆம் தேதிச் சட்டம் இரண்டைச் செய்தது. ஊரில் எஞ்சியுள்ள கடைசி உரிமத்தை மாற்ற மேயரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. 3,500 பேருக்குக் குறைவான, உரிமமே இல்லாத கம்யூன்களில் புதிய உரிமம் பெற மூன்றாண்டுக்கு அனுமதித்தது. அந்த மூன்றாண்டு 2022 டிசம்பரில் முடிந்தது. அதை மீண்டும் கொண்டுவர 2025 மார்ச்சில் தேசிய சபை வாக்களித்தது.

உரிமத்தின் மற்றொரு விதி குறைவாகப் பேசப்படுகிறது. ஐந்தாண்டு தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் அது தானாகக் காலாவதியாகும். நோட்டீஸ் வராது, யாரும் வந்து பறிக்க மாட்டார்கள்.

ஒரு கடை 2022 டிசம்பர் 31 அன்று, உரிமையாளர் ஓய்வுபெற்று மூடியது என்று கொள்வோம். முதல் ஆண்டு பெயர்ப்பலகை இருக்கும். மாடியில் அவரே குடியிருப்பார். இரண்டாம் ஆண்டு ரொட்டி இறங்கும் இடம் பக்கத்து ஊருக்கு மாறும். ரொட்டிக்காகக் காரை எடுத்தவர்கள் மற்றதையும் அங்கேயே வாங்கி வருவார்கள். ஓடாத குளிர் அறையின் ரப்பர் வெடிக்கும். புதிதாக நடத்த வருபவர் 20 மணி நேர உரிமப் பயிற்சி முடிக்க வேண்டும். சமையல் சுகாதாரப் பயிற்சிக்கு 14 மணி நேரம். அவையெல்லாம் முடியக்கூடியவை. கம்யூனே கட்டடத்தை வாங்கிக் குறைந்த வாடகைக்குத் தரலாம். பல மேயர்கள் அப்படிச் செய்கிறார்கள். உரிமம் 2027 டிசம்பர் 31 வரை உயிரோடு இருக்கும்.

ஆனால் திறக்கும் முதல் நாள் மதியம் 25 பேர் வர வேண்டும். அந்த வழியாக வேலைக்குப் போகும் கொத்தனார்களின் வேனில் இப்போது ஒரு மைக்ரோவேவ் இருக்கிறது.