மரக்கிளைப் புண்

கண் சிவந்துவிட்டால் நம் வீடுகளில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் நந்தியாவட்டைப் பூவை ஒற்றச் சொல்வார். இன்னொருவர் தாய்ப்பால் விடச் சொல்வார். மூன்றாமவர் போன வருஷம் தமக்குக் குணமளித்த சொட்டு மருந்தின் மிச்சத்தையே எடுத்து நீட்டுவார். இவர்களுள் மிகவும் அபாயமானவர் அந்த மூன்றாமவரே.

கடிகாரத்தை அதன் கண்ணாடி மூடியிருப்பதுபோல் கருவிழியை மூடியிருக்கும் தெளிந்த படலத்துக்குக் கார்னியா என்று பெயர். அதன் நடுப்பாகத்தின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். ஒளி தடையின்றிப் புகுவதற்காக இயற்கை அதில் ஓர் இரத்தக் குழாயைக்கூட வைக்கவில்லை.

'மெட்ராஸ் ஐ' என்னும் கண்வலியைப் பெரும்பாலும் உண்டாக்குவது அடினோ வைரஸ். அது ஊரெல்லாம் பரவினாலும் சாதாரணமாக இரண்டு மூன்று வாரங்களில் தானே தணிந்துவிடும். ஹெர்ப்பிஸ் வைரஸ் அப்படிப்பட்டதன்று. காய்ச்சலின்போது உதட்டில் கொப்புளம் எழுப்புகிறதே, அதே கிருமிதான். ஒரு முறை உடலில் புகுந்தால், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் ஆயுள் முழுதும் குடியிருக்கும். காய்ச்சலோ தளர்ச்சியோ கண்ட சமயத்தில் நரம்பு வழியே கண்ணுக்கு வரும். வைத்தியர் சாயமிட்டு நீல ஒளியில் நோக்கினால், இலையுதிர்ந்த மரக்கிளை போன்ற புண் பச்சையாக ஒளிரும். கார்னியாவின் உணர்ச்சி மழுங்குவதால் சிலருக்கு வலிகூட அதிகமிராது. ஆகவே அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். நோய் திரும்பத் திரும்ப வந்து ஆழத்தில் பாய்ந்தால் தழும்பு விழுந்து, தெளிந்த கண்ணாடி பனி படர்ந்த கண்ணாடியாகிவிடும்.

மிச்ச மருந்துக்கு வருவோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு மறையும். ஆனால் வைரஸ் சாகாது. உடலின் காவல் தளர்வதால் கிளையாக இருந்த புண் அகன்று பரவும். ஆழ்ந்த வீக்கத்துக்கு வைத்தியர் அதே ஸ்டீராய்டைக் கொடுப்பதுண்டு. ஆயினும் வைரஸை அடக்கும் மருந்தைத் துணைக்கு வைத்துக்கொண்டே கொடுப்பார்.

இந்நோய்க்குப் பயன் தரும் மருந்தை 1962-இல் அமெரிக்க வைத்தியர் ஹெர்பர்ட் காஃப்மன் வெளியிட்டார். பின்னர் அதனினும் சிறந்த அஸைக்ளோவிர் வந்தது. அதன் ஆராய்ச்சியை நடத்திய கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். இன்று களிம்பாகவும் மாத்திரையாகவும் அது கிடைக்கிறது, புண்ணை ஆற்றுகிறது. நரம்பில் ஒளிந்திருக்கும் வைரஸை ஒழிக்க மட்டும் இன்னும் மருந்தில்லை. தழும்பு முற்றினால், இறந்தவர் தானம் செய்த கார்னியாவைப் பொருத்தலாம். அதையும் அவ்வைரஸ் மீண்டும் தாக்கக்கூடும்.

ஆகவே, கண் சிவந்து, ஒளியைக் கண்டால் கூசி, பார்வையும் மங்கினால் அன்றே கண் வைத்தியரிடம் செல்லுங்கள். அலமாரியிலிருக்கும் பழைய சொட்டு மருந்தை இப்பொழுதே எறிந்துவிடுங்கள்.